எழுதியவருக்கு ஒரு கேள்வி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்டதற்காக அல்ல. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கைப்பேசியை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார், அதற்காக. ஆனாலும் சொல்கிறேன். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளை, பிடித்தது பிடிக்காதது என்று பார்க்காமல், ஒன்று விடாமல் தேடி எடுப்போம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முன்கூட்டியே விதி எழுதிவைத்து, அதன்படி வடிகட்டுவோம். மிஞ்சியதை எடை போட்டு, எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று எழுதுவோம். முறைசார் மீளாய்வு என்று இதற்குப் பெயர்.

"அப்ப நீங்களா எதுவும் கண்டுபிடிக்கிறதில்லையா அண்ணி?" என்று என் நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.

"இல்ல. மத்தவங்க கண்டுபிடிச்சது நெசமான்னு கண்டுபிடிக்கிறோம்" என்றேன். அன்றிலிருந்து அவள் தன் சமையலைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில், பழைய வரைபடங்கள் வைத்திருந்த அறைதான் எங்கள் பிரிவு. எந்தத் துறை வந்து கேட்டாலும் செய்துகொடுப்போம். ஒரு தடவை கால்நடைக்காரர்கள் வந்து, இந்தத் தீவனம் போட்டால் பால் கூடுமா என்பார்கள். அடுத்து கட்டடப் பொறியாளர்கள் வந்து, கான்கிரீட்டில் இந்தக் கலவை சேர்த்தால் விரிசல் குறையுமா என்பார்கள். அவர்கள் படி இறங்குவதற்குள் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து நிற்கும். மாட்டுக்கும் மேம்பாலத்துக்கும் ஒரே தராசா என்று சிலர் கிண்டல் செய்வதுண்டு. தராசு ஒன்றுதான், தட்டில் வைப்பதுதான் வேறு.

எங்கள் முதல் சட்டம், ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் போட்ட முடிவை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. முடிவுகள் முட்டிக்கொண்டால் மூன்றாவது ஆள் தீர்த்துவைப்பார். எனக்கு ஜோடி, எங்கள் அறையில் எல்லோரும் சல்லடை என்று கூப்பிடும் பையன். பெயருக்கேற்ற ஆள்தான். அவன் கையிலிருந்து ஒரு கட்டுரை தப்புவதும் கல்லிலிருந்து நார் உரிப்பதும் ஒன்று. மூன்றாவது ஆள் எங்கள் தலைவி டாக்டரம்மா. ஒரு காலத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஆய்வாளர்களுக்குப் போடுகிறார்.

நான் உட்கார்ந்தால் என் கால் ஆடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சல்லடையின் மேசையும் என் மேசையும் ஒட்டிப் போட்டவை என்பதால் அவன் திரையும் சேர்ந்து ஆடும். "அக்கா, நிலநடுக்கம்" என்பான். அந்த மழைக்காலம் முழுக்க நிலநடுக்கம்தான். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

பள்ளிக் கல்வித் துறை எங்களிடம் ஒரு கேள்வியோடு வந்திருந்தது. முதல் வகுப்புக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர் திருத்தினால், தனியாகப் படிப்பதைவிட எழுத்து சீக்கிரம் பிடிபடுமா? பிடிபடும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் அடுத்த வருடம் எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் முறை. இப்போது சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் சிறப்பு ஆசிரியர்களை எடுத்துவிட்டு இதை வைப்பார்கள். விளையாட்டு விஷயமில்லை.

வடிகட்ட உட்கார்ந்த முதல் வாரத்திலேயே திரையில் அந்தப் பெயர் வந்து நின்றது. தினமும் காலையில் நனைந்த துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போகிற மனிதரின் பெயர். அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஜோடி வாசிப்பைப் பற்றி இளம் வயதில் அவர் செய்த ஆய்வு அவர் துறையில் பிரபலம். அது எனக்குத் தெரியும், எங்கள் கேள்வியில் அது வந்து விழும் என்றும் தெரியும்.

எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

"அந்தக் கட்டுரை என் வீட்டுக்காரரோடது. நான் அதைத் தொட முடியாது."

"நல்லதாப் போச்சு, நீயே வந்து சொன்னே. அதை நானும் சல்லடையும் பாத்துக்கறோம். இனிமே நீ அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. அவர்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாது, எங்ககிட்ட அவரப் பத்திப் பேசக் கூடாது. சரியா?"

"சரி."

"வேற எதாவது சொல்லணுமா?"

"இல்ல" என்றேன்.

இருந்தது. சொல்கிறேன்.

அந்தக் கட்டுரையில், குழந்தைகளைக் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்ததாக எழுதியிருக்கிறது. குலுக்கல்தான் இந்த மாதிரி ஆய்வுக்கு உயிர். யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது யார் விருப்பத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால், முடிவில் தெரிகிற வித்தியாசம் முறையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று சொல்ல முடியாது. அந்தப் பள்ளியில் குலுக்கல் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் சீட்டு எழுதிக்கொண்டு போய் இறங்கியபோது தலைமையாசிரியர் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தாராம். "குலுக்கலா? அப்புறம் நான் எதுக்கு சார் இருக்கேன்?" என்றாராம். புதிய முறை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பள்ளி வாசலில் வந்து நின்று கெஞ்சிய அம்மாக்களின் பிள்ளைகளையெல்லாம் ஜோடி வாசிப்பில் போட்டுவிட்டார். மிச்சம் மறுபக்கம். ஆய்வுக்கு முன்பே எழுதிவைத்த திட்டத்தில் குலுக்கல் என்று இருந்தது. கட்டுரையிலும் அந்த வாக்கியம் அப்படியே இருந்துவிட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், விருந்தாளிகள் வந்தால் என் வீட்டுக்காரர் சொல்கிற கதை இது. தலைமையாசிரியர் மாதிரி குரலைக் கனமாக்கி, கையைப் பின்னால் கட்டி நடந்து காட்டுவார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

டாக்டரம்மா அவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் நான் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் "வேற எதாவது" என்று கேட்டது அதற்குப் பிறகுதான் என்பதையும் மறக்கப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். விழுந்த பல்லிக்கு எப்படி இருக்கும் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

ஒரு நம்பிக்கை இருந்தது. கட்டுரையில் என்ன எழுதியிருந்தாலும், சேர்த்துக்கொண்ட ஒவ்வோர் ஆய்வையும் எழுதியவருக்கு நாங்கள் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில் அனுப்புவோம். "குழந்தைகளைக் குழுவாகப் பிரித்தவர் யார்? எப்படிப் பிரித்தார்? நடந்ததை நடந்தபடி எழுதவும்." பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அப்புறம் இன்னொன்று. அதற்கும் வாய் திறக்கவில்லையென்றால் 'தெரியவில்லை' என்று குறித்துவிட்டு மேலே போய்விடுவோம். கட்டுரை உள்ளேயே இருக்கும். அனுப்புவது மின்னஞ்சலில், கட்டுரையில் அச்சாகியிருக்கும் முகவரிக்கு மட்டும். பழக்கத்தை வைத்து யாரையும் தனியாகப் பிடிக்கக் கூடாது. இந்த விதியை எழுதியதே நான்தான். மாட்டுத் தீவன ஆய்வின்போது சல்லடை, ஒரு கட்டுரையை எழுதியிருந்த தன் மாமாவின் சிநேகிதருக்கு நேரடியாகப் போன் போட, அவர் ஒரு மணி நேரம் மாமாவின் நலத்தை விசாரித்துவிட்டு, "நம்ம பையன்தானே, நல்ல மார்க்காப் போட்டுக்கோ" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எழுதிய விதி.

ஆக, என் வீட்டுக்காரருக்கும் கேள்வி போகும். அவரே வாயைத் திறந்து சொல்லட்டும். சொன்னால் நான் பேசாமல் இருந்ததும் தப்பில்லை என்று ஆகிவிடும்.

சொல்வாரா? அவர் கல்லூரியில் முதல்வர் பதவி காலியாகியிருந்தது. நேர்காணலுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டு அந்த ஆய்வுதான்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். எழுதியவரிடமிருந்து பதில் வந்தால் சல்லடை அந்தக் கட்டத்தில் பச்சை அடிப்பான். என்ன பதில் என்று பலகை சொல்லாது. அவருடைய எண் ஏழு. கேள்விகள் போன மறுநாளே இரண்டு கட்டம் பச்சையானது. பிறகு தினம் ஒன்று. ஏழு மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது.

காலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன்னால் பலகையைப் பார்ப்பேன். டீ குடிக்கப் போகும்போது பார்ப்பேன். குடித்துவிட்டு வரும்போது, நடுவில் யாராவது பச்சை அடித்திருப்பார்களோ என்று மறுபடி பார்ப்பேன். முதல் நினைவூட்டல் போனது. ஏழு வெள்ளை.

வீட்டிலோ அவர் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். அதுவரை அவர் விசில் அடிப்பதை நான் கவனித்ததேயில்லை. இப்போது ஒவ்வொரு விசிலும் காதில் ஊசியாய் இறங்கியது. மடியில் கனம் இருக்கிறவன் எப்படி இப்படி ஜாலியாக இருக்கிறான்? நேர்காணலுக்குப் புதுச் சட்டை வாங்கி, மகளிடம் போட்டுக் காட்டி, "எப்படிடா இருக்கேன்?" என்றார்.

"பிரின்சிபால் மாதிரியே இருக்கீங்கப்பா, தொப்பையோட" என்றாள் அவள்.

நான் சும்மா இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"வர்ற மெயிலுக்கெல்லாம் பதில் போடறது ஒரு நல்ல பழக்கம்" என்றேன், சுவரைப் பார்த்து.

"யாரச் சொல்றே? என்னையா? கரண்ட் பில்லு கட்டிட்டேனே."

"கரண்ட் பில்லு ஒண்ணுதான் வருதா உங்களுக்கு?"

"வேற என்ன? உங்க அண்ணன் அனுப்பற குட்மார்னிங் படம். அதுக்குமா பதில் போடணும்?"

எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் வேஷம் போட்டவருக்கு இது எம்மாத்திரம். அன்று இரண்டு தட்டைக் கழுவுகிற சாக்கில் டங்கென்று வைத்தேன். மகள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது நினைவூட்டலும் போனது. அதற்கு வைத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சல்லடை ஒருநாள், "அக்கா, மேசையை வேணா தள்ளிப் போட்டுக்கட்டுமா? கண்ணு கட்டுது" என்றான். என் கால் ஆடுவதை நிறுத்தவில்லை, தூக்கத்திலும் ஆடியதாக வீட்டுக்காரர் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் சமையலறையில் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒழுகுகிற குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. மகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் விசில் அடித்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். "எப்படிங்க முடியுது உங்களால? மூணு கடிதம் வந்திருக்கு. மூணு! 'ஆமா'ன்னு எழுதத் தைரியம் இல்ல, 'இல்ல'ன்னு எழுத மனசு இல்ல. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

விசில் நின்றது. அவர் மெதுவாக வெளியே வந்தார். முகத்தில் தண்ணீர், கையில் குழாய்த் திருகி.

"எந்தக் கடிதம்?"

அந்த முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? அவருக்குத் தெரியவே தெரியாது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கட்டுரையில் அச்சான முகவரி அவர் அப்போது வேலை பார்த்த பழைய கல்லூரியுடையது. அந்தக் கல்லூரியை மூடிப் பல வருடம் ஆகிறது. எங்கள் கடிதங்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன. அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருக்க, அவரிடம் கேட்கக் கூடாது என்பதற்காகவே செத்த முகவரிக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு முட்டாள்தனத்தை விதிப்படி செய்ய எங்களால்தான் முடியும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாகிவிட்டது. இனி மூடி என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி என்ன என்பதையும் சொன்னேன்.

அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். திருகியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பதிலே வரலைன்னா என்ன போடுவீங்க?"

"தெரியவில்லைன்னு."

"கட்டுரை உள்ளதான் இருக்கும்?"

"இருக்கும்."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மறுபடி தொட்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஐயோ என்று இருந்தது எனக்கு. ஒரு நிமிடத்துக்கு முன்னால் இந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. இப்போது மறைக்கிறார். நடுவில் நடந்தது என் வாய்.

"அந்தக் குழந்தைங்க நெசமாவே நல்லாப் படிச்சாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நம்பர் எதையும் நான் மாத்தல. அதை மட்டும் தெரிஞ்சுக்கோ."

"யாரோட குழந்தைங்க? வாசல்ல வந்து நின்ன அம்மாவோட குழந்தைங்க. எந்த முறையில போட்டாலும் அதுங்க படிச்சிருக்கும். வேலைக்குப் போயிட்டு வாசலுக்கு வர முடியாத அம்மாவோட பிள்ளை எந்தப் பக்கம் போச்சு? இப்ப ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் இதைக் கொண்டுவரப் போறாங்க. கைகொடுக்கற டீச்சரையும் எடுத்துருவாங்க."

"அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசறே?"

"தெரிஞ்சதனாலதான் இத்தனை நாள் பேசல!"

குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மா முன்னால் போய் நின்று, விதியை மீறிவிட்டேன், வீட்டில் உளறிவிட்டேன், அந்த முகவரி செத்த முகவரி என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது நல்ல அறிகுறியில்லை.

"உனக்கு வாய் எப்பவும் காலுக்கு முன்னாடி போகும். நீ இந்த மீளாய்வுல இருந்தே வெளியில வா. கான்கிரீட் விரிசல் கிடக்கு, அதைப் பாரு. நீ வாயத் தொறந்தேன்னு அறிக்கையில ஒரு வரி போடுவேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே." பிறகு சல்லடையைக் கூப்பிட்டார். "ஏம்பா, கடிதம் திரும்பி வரலையா?"

"இல்லம்மா. போச்சு, அப்படியே முழுங்கிருச்சு."

"பதில் வராத எல்லாருக்கும் இப்ப எங்க வேலை பாக்கறாங்கன்னு தேடி, அந்த முகவரிக்கு இன்னொரு தடவை அனுப்பு. அவருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். இதையும் அறிக்கையில எழுது." என்னைப் பார்த்தார். "வேற எதாவது சொல்லணுமா?"

அதே கேள்வி. இந்த முறை நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கு. ஆனா அவரே சொல்லட்டும். அவர் சொல்லலைன்னா அறிக்கை வெளியே போறதுக்கு முன்னாடி நான் வந்து சொல்லுவேன்."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "போ, விரிசலைப் பாரு" என்றார்.

விரிசலைப் பார்த்தேன். எந்தக் கலவையில் எவ்வளவு விரிசல் என்று எத்தனையோ கட்டுரை. ஒன்றும் தலையில் ஏறவில்லை. வீட்டில் அவர் விசில் அடிக்கவில்லை. அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் நடப்பார், நான் கீழே கூடத்தில் நடப்பேன். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல நடந்தா என்ன? வீடு தேயறதாவது மிச்சமாகும்" என்றாள் மகள். நேர்காணல் நாளன்று அவர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் பலகையில் ஏழு பச்சையாகியிருந்தது.

பச்சை என்றால் பதில் வந்துவிட்டது. அவ்வளவுதான். 'குலுக்கல்தான் போட்டோம்' என்று ஒரே வரியில் பொய் எழுதி அனுப்பினாலும் பச்சைதான். வெள்ளையாக இருந்தபோதாவது ஒரே ஒரு பயம் இருந்தது. பொய் எழுதியிருக்க மாட்டார் என்று நினைப்பேன். அந்தத் தொட்டிக்கு அடியிலிருந்து வந்த குரல் ஞாபகம் வரும், எழுதியிருப்பார் என்று நினைப்பேன். சல்லடையின் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ளலாமா என்றால், அவன் முகமும் சல்லடைதான், எதுவும் தங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். பொய் எழுதினேன் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எங்கே உட்காருவேன் என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

சில நாள் கழித்து நடைபாதை அச்சுப்பொறியில் என் விரிசல் தாள்களை எடுக்கப் போனேன். அவற்றுக்கு மேலே வேறு ஒரு தாள் வந்து கிடந்தது. பார்க்கக் கூடாது என்று புரிவதற்குள் கண் பார்த்துவிட்டது.

மீளாய்வின் முடிவை நாங்கள் ஒரே படத்தில் போடுவோம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒவ்வோர் ஆய்வும் ஒரு சதுரம். பெரிய ஆய்வென்றால் பெரிய சதுரம். முறை பலன் தந்தது என்று சொல்லும் ஆய்வு கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும். எல்லாவற்றின் மொத்தமும் அடியில் ஒரு சின்ன வைரமாக வரும். வைரம் கோட்டைத் தொடாமல் விலகி நின்றால் பலன் உண்டு. கோட்டின்மேல் ஏறிப் படுத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அர்த்தம்.

ஏழாவது வரியில் இருக்க வேண்டிய பெரிய சதுரம் இல்லை. படத்துக்குக் கீழே தனியாக ஒரு வரி இருந்தது. 'எழுதியவர் அளித்த தகவலின்படி குலுக்கல் நடைபெறவில்லை, மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை.' வைரம் கோட்டின்மேல் படுத்திருந்தது.

நான் அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சல்லடை ஓடி வந்து தாளைப் பிடுங்கினான்.

"அக்கா, நீங்க இதப் பாக்கக் கூடாது!"

"பாக்கல தம்பி."

"அழுறீங்களே."

"கான்கிரீட் விரிசல் அப்படி. மனசு தாங்கல."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "முகம் கழுவிட்டு வாங்கக்கா" என்றான்.

அன்று வீட்டுக்குப் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றதற்கே எனக்குக் கோபம் வந்தது. போனவுடன் அவரைப் பிடித்து என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்கோங்க என்று. பெருமையாக இருக்கிறது என்று. பதவி கிடக்கிறது குப்பை என்று.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் புதுச் சட்டை மடித்துப் பெட்டியில் இருந்தது.

"திருப்பிக் கொடுக்கலாமான்னு பாக்கறேன். ஒரு தடவைதான் போட்டேன்" என்றார்.

"இன்டர்வியூலயும் சொல்லிட்டீங்களா?"

"முதல் கேள்வியே அதப் பத்தித்தான். 'அந்தப் புகழ்பெற்ற குலுக்கல் ஆய்வு' அப்படின்னு ஆரம்பிச்சாங்க. குலுக்கல் இல்லைன்னேன். ரெண்டாவது கேள்வி கேக்கல."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தானாக ஆட ஆரம்பித்தது. மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

"நான் அன்னிக்குக் கத்தினதனாலதானே..." என்று ஆரம்பித்தேன்.

"உன்னால இல்ல." அவர் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "முதல் ரெண்டு நாள் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் அந்தக் கடிதத்தைத் தொறந்து படிச்சேன். 'நடந்ததை நடந்தபடி எழுதவும்'. அவ்வளவுதான் கேட்டிருந்தாங்க. திட்டல, மிரட்டல. உக்காந்து எழுதிட்டேன். எழுத அரை மணி நேரம்கூட ஆகல."

"நல்ல காரியம் பண்ணீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஹெட்மாஸ்டர் கதையை இதே மேசையில எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு தடவையும், யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு நெனப்பேன். 'அப்ப கட்டுரையில என்னய்யா எழுதினே?'ன்னு. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருப்பேன். ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் சிரிச்சாங்க." பெட்டியை மூடினார். "கேக்கறதையே தொழிலா வச்சிருக்கறவ நீ. நீதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிப்பே."

தம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது. என் கால் நின்றுபோயிருந்தது.